பஸ்ஸை விட்டு இறங்காத பிள்ளை

சனிக்கிழமை காலை தமிழ் வகுப்பு, மத்தியானம் கணக்கு டியூஷன், பின்னேரம் வயலின். யாழ்ப்பாணத்துச் சண்டைக்குத் தப்பி வெளிநாடு வந்து, மனோர் பார்க்கில் குடியிருந்த அருள்மலர் தன் எட்டு வயது மகள் நிரஞ்சலாவின் நாட்களை இப்படித்தான் நிரப்பி வைத்திருந்தாள். மிச்ச நேரத்துக்கு டிவி. வீட்டிலிருந்து கொஞ்சத் தூரம் நடந்தால் வான்ஸ்டெட் புல்வெளி. "குளிர், ஊத்தை, நாயள் திரியும்" என்று அந்தப் பக்கம் ஒருநாளும் விட்டதில்லை.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஏப்ரலில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை எப்பிங் காட்டுக்குக் கூட்டிப் போனார்கள். பின்னேரம் மகளை அழைத்துவரப் போன அருள்மலரிடம் ஆசிரியை தயங்கித் தயங்கித்தான் சொன்னார். மற்றவர்கள் மரம் ஏறி விளையாட, நிரஞ்சலா பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லையாம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து அழுதாளாம்.

"ஏன் பிள்ளை இறங்கேல்லை?"

"நீங்கள்தானே அம்மா சொன்னனீங்கள், வெளியில போனால் ஏதாவது நடக்கும் எண்டு."

அருள்மலர் அன்றிரவே பக்கத்து வீட்டுத் தவநாயகியிடம் போய்ச் சொன்னாள். தவநாயகி ஞாயிறுதோறும் தன் பிள்ளைகளைப் புல்வெளிக்குக் கொண்டுபோகிறவள்.

"இந்த ஞாயிறு எங்களோட வாருமன். ஒண்டும் படிப்பிக்க வேண்டாம். சும்மா விட்டுப் பாரும்."

ஞாயிற்றுக்கிழமை நிரஞ்சலா நடைபாதையை விட்டு விலகாமல், தாயின் கையைப் பிடித்தபடியே நடந்தாள். திடீரென்று தலைக்கு மேலே இடைவிடாத ஒரு சத்தம். அருள்மலர் மகளை இழுத்து அணைத்துக்கொண்டு குந்திவிட்டாள். யாழ்ப்பாணத்தில் மேலே சத்தம் கேட்டால், சுட வரும் ஹெலிகொப்டர். நிலத்தில் வெட்டிய பங்கருக்குள் ஓட வேண்டும்.

தவநாயகி அவள் முதுகைத் தடவினாள். "அருள், அது குருவி. வானம்பாடி."

நிரஞ்சலா அண்ணாந்து பார்த்தாள். உயரத்தில் ஒரு சிறு புள்ளி பாடிக்கொண்டிருந்தது.

"இதுவா வானம்பாடி? தமிழ் வகுப்பில சொல்வதெழுதலுக்கு வந்தது. உண்மையாவே இருக்கா?"

அது எங்கே இறங்குகிறது என்று பார்க்கப் புல்லுக்குள் ஓடினாள். விழுந்தாள். தாய் கூப்பிட வாய் திறந்தாள்; தவநாயகி சொன்னது நினைவுக்கு வர, நின்ற இடத்திலேயே நின்றாள். பிள்ளை தானே எழும்பி மறுபடி ஓடினாள்.

வேலை முடிந்து வந்த கணவன் குலசேகரம் மகளின் சேற்றுக் கால்களைப் பார்த்தான். "என்ன கோலம் இது? நாளைக்கு டெஸ்ற் எல்லே?"

மகளிடமிருந்து வழக்கமாக ஒற்றைச் சொல்தான் பதிலாக வரும். அன்று வாய் ஓயவில்லை. வானம்பாடி நிலத்தில்தான் கூடு கட்டுமாம், மரத்தில் இல்லையாம். கறுத்த வண்டொன்று கையில் ஏறியதாம், கடிக்கவில்லையாம். அவன் கோட்டைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டு நின்றான்.

அவள் குளிக்கப் போனபின் அருள்மலர் சொன்னாள்:

"இஞ்சேருங்கோ, பயந்து ஓடி வந்தது நாங்கள். அந்தப் பயத்தை இஞ்ச பிறந்த பிள்ளைக்குச் சீதனமாக் குடுத்திட்டம். மரத்தையும் குருவியையும் புத்தகத்தில மட்டும் காட்டி வளர்க்கேலாது. கையைப் பிடிச்சு வெளியில கூட்டிக்கொண்டு போகோணும். பிறகு அந்தக் கையை விடோணும்."