ஆரஞ்சுச் சாற்றில் ஊற்றிய ஜின்

...இல்லை, நாற்றம் பழத்தில் இல்லை, இந்தப் பாட்டிலில்தான், ஊசி போடுமுன் பஞ்சில் நனைத்துத் தடவுவார்களே, அந்த வாடை, அதோடு தரை துடைக்கிற மருந்தையும் கலந்தாற்போல... மூடியைத் திருகியதுமே மணிமேகலை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இதையா வாயில் வைக்கிறார்கள், அதுவும் அவள் சமையலறையில், சாம்பார் கொதிக்கிற அடுப்புக்குப் பக்கத்தில்? பார்வைக்குத் தண்ணீர் மாதிரி இருப்பதுதான் இன்னும் அருவருப்பு. மகள் பிரியங்காவுக்கு நிச்சயம் செய்த பையன் வீட்டார் ஓசூரிலிருந்து முதல் விருந்துக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், சம்பந்திக்கு ஜின் என்கிற இந்தச் சாராயமும் ஆரஞ்சும் கலந்தால் பிடிக்குமாம், பாலக்கோடு மண்டியில் தக்காளியை இறக்கிவிட்டு வரும்போதே அவள் கணவர் மதியழகன் பாட்டிலோடு வந்துவிட்டார். "வீடியோ அனுப்பிருக்கேன் பாரு, ஒரு பங்கு இது, ரெண்டு பங்கு ஜூஸு, ஐஸு, அவ்ளோதான்." நானா கலக்கணும் என்றதற்கு, "அவங்க வூட்ல இதெல்லாம் சகஜம். ஒரு மரியாதைக்குத்தான்டி" என்றார்.

மரியாதை... ஒன்பது வருஷத்துக்கு முன் பொங்கலன்று, வாயில் வாடை வந்தது என்று சொந்தத் தம்பி ராஜாவை வாசற்படியிலேயே நிறுத்தி, "குடிகாரனுக்கு என் வூட்ல சோறு கெடையாது" என்று கத்தியவர் இவர்தானே? மாட்டுக்கொட்டகையில் போய் உட்கார்ந்தவனுக்கு இலையைக் கொண்டுபோய் வைத்தவள் அவள். ராஜா அந்தச் சோற்றைத் தொடவில்லை, "நீங்க உள்ள போங்க அண்ணி" என்றான், அவ்வளவுதான், பிறகு இந்தப் பக்கமே வரவில்லை, பிரியங்கா நிச்சயத்துக்குக்கூட அவனுக்குச் சொல்லவில்லை. அன்று தன் கணவரை நினைத்து அவளுக்குப் பெருமையாக இருந்தது, ஆமாம், பெருமைதான்... அதை நினைக்கும்போது இந்த வாடையைவிடக் குமட்டுகிறது.

பழங்களைப் பிழிந்தாள், விரலெல்லாம் பிசுபிசுப்பு, டீ வடிகட்டியில் சக்கை வழுவழுவென்று தங்கியது. அளவுக்கு வேறெதுவும் அகப்படாமல் இருமல் மருந்தின் மூடியால் அளந்து ஊற்றினாள். இனிப்பு போதுமா என்று பார்க்க ஸ்பூனில் ஒரு சொட்டுத்தான் நாக்கில் வைத்தாள், நாக்கு எரிந்து முகம் முழுக்கக் கோணிக்கொண்டது, தொட்டியில் துப்பிவிட்டு இரண்டு முறை வாய் கொப்பளித்தும் கசப்பு போகவில்லை. மதியழகன் எட்டிப் பார்த்தார். "மூணு கிளாஸா ஊத்து."

"யாருக்குங்க மூணு?"

"சம்பந்திக்கு, மாப்ளைக்கு... கம்பெனிக்கு நான் ஒரு வாய் வெக்கலன்னா தப்பா நெனப்பாங்கல்ல?"

ஒரு வாய்தானே, பாவம், இதுவரை தொட்டே பார்க்காத மனுஷன், மகளுக்காக இதையும் விழுங்கப் போகிறாரா, கொஞ்சம் இரக்கம்கூட வந்தது அவளுக்கு. மூன்றாவது கிளாஸில் மட்டும் ஜின்னைக் குறைத்துச் சாற்றை நிரப்பினாள். தட்டோடு கூடத்துக்குப் போய், அந்தக் கிளாஸ் கணவர் பக்கம் வரும்படி நீட்டினாள். சம்பந்தி உறிஞ்சிவிட்டு, "நல்லா கலந்துருக்கீங்கம்மா" என்றார், மாப்பிள்ளை தலைகுனிந்து சிரித்தான். மதியழகன் கிளாஸைத் தூக்கினார், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், இதோ சுளிக்கப் போகிறது, இருமப் போகிறார்... ஒன்றுமில்லை, பாதிக் கிளாஸ் மோர் மாதிரி இறங்கியது. ஐஸை ஒருமுறை சுழற்றிப் பார்த்துவிட்டு, "என்னுதுல ஜின்னு கம்மியா இருக்கே" என்றார், சம்பந்தி சத்தமாகச் சிரித்தார், அவள் சிரிக்கவில்லை, கம்மி என்று... அது இவருக்கு எப்படித் தெரியும்?