அழைப்பு வந்ததாகச் செய்தி

கணவனின் சைக்கிளும் செருப்பும் ஏரிக்கரையில் கிடைத்த அன்று, அவள் வீட்டு வாசலில் நிற்க இடமில்லை. முன்னால் கேமராக்கள், பின்னால் தெரு முழுவதும். ஏரியில் இரண்டு படகுகள் தேடின. வாரக் கடைசியில் ஒரு நடிகையின் விவாகரத்து வந்தது. கேமராக்கள் அங்கே போயின. தெரு அவரவர் வீட்டுக்குள் போய் அதைப் பார்த்தது. ஒரு படகு குறைந்தது. மற்றதும் நாளையோடு நிற்கும் என்று காவல் நிலையத்தில் சொன்னார்கள்.

அவள் நிருபரை அழைத்தாள்.

“புதுசா ஏதாவது இருந்தா சொல்லுங்க அக்கா. அழறதையே எத்தனை தடவை போடறது? எடிட்டர் என்னைத் தூக்கி ஏரியில போட்டுடுவார்.”

அவன் பேச்சில் கெட்ட எண்ணம் இல்லை.

“நேத்து ஒரு ஃபோன் வந்துச்சு தம்பி. பேசல. மூச்சு மட்டும் கேட்டுச்சு. அவர் மாதிரிதான் இருந்துச்சு.”

கேமரா வந்தால் படகும் ஓடும் என்பது அவள் கணக்கு.

மாலைச் செய்தியில் மூச்சு குரலாகியிருந்தது. ஓரத்தில் சின்ன எழுத்தில் ‘சித்திரிப்பு’ என்று போட்டு, யாரையோ பேச வைத்திருந்தார்கள். அடுத்து வந்த விவாதத்தில், குடும்பத்தை விட்டு ஓடும் ஆண்களைப் பற்றி நால்வர் பேசினார்கள். தெரு திரும்பி வந்தது.

“நான் சொல்லல அண்ணி? அண்ணன் எங்கயோ நல்லாத்தான் இருக்காரு,” என்று நாத்தனார் கட்டிக்கொண்டாள்.

“வந்ததும் காலை ஒடிச்சு உட்கார வை,” என்றாள் எதிர்வீட்டுக்காரி. எல்லாரும் சிரித்தார்கள். அவனுக்கு நீச்சல் தெரியாது என்பதை யாரும் பேசவில்லை.

காலையில் அவள் காவல் நிலையத்துக்குப் போய் உண்மையைச் சொன்னாள்.

“ஓடிப்போனவருக்கும் பரிஞ்சு பேசறீங்க பாருங்க,” என்றார் அதிகாரி, மரியாதையாகவே.

ஏரிக்கரையில் படகுக்காரர் படகைக் கவிழ்த்துத் தார் பூசிக்கொண்டிருந்தார்.

“ஒரே ஒரு தடவை இறக்குங்க அண்ணே.”

“உயிரோட இருக்கறவரைத் தண்ணியில எதுக்கும்மா தேடணும்?”

“ஃபோன் எதுவும் வரல. நான் சொன்னது பொய்.”

“நானே கேட்டேனே. டிவியில அவர் குரலைப் போட்டாங்களே.” அவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். “தூக்கமில்லாம என்னென்னவோ தோணும். வீட்டுக்குப் போங்கம்மா. மறுபடி ஃபோன் பண்ணினார்னா எடுக்க ஆள் வேணுமில்ல.”