மஞ்சள் கோடு

ரூலன் ஒரு போல்ட்டை முறுக்கி முடித்தால், அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுப்பான். இந்தப் போல்ட்டின் வேலை முடிந்தது, இனி எவனும் கை வைக்கக் கூடாது என்று அதற்குப் பொருள். கோடு விலகித் தெரிந்தால் போல்ட் கழன்று வருகிறது என்று பார்த்தவுடனே கண்டுகொள்ளலாம். நல்ல பழக்கம்தான், யார் இல்லையென்றது? ஆனால் இந்த மனிதனுக்கு அது முற்றிப்போய், சமையலறைக் குழாய், நாய்க்கூண்டுக் கீல், மாமியார் வீட்டுக் கழிப்பறை இருக்கை எல்லாவற்றிலும் கோடு போட்டு வைத்திருந்தான். அமெரிக்காவின் பனிமலை ஊரான ஆஃப்டனில் ஒரு வீட்டைச் சுற்றிப் பார்த்தாலே, ரூலன் அங்கே உதவிக்கு வந்து போயிருக்கிறானா என்று சொல்லிவிடலாம்.

அப்பேர்ப்பட்டவன், பெண்டாட்டி ஜனீலுக்கு வந்த மலையேறும் புதுப் பனிவண்டியைச் சும்மா விடுவானா?

போன மார்ச்சில் ஜனீல் பழைய பனிவண்டியோடு சரிவில் உருண்டு, பனிக்குள் புதைந்து, தோளை முறித்துக்கொண்டாள். வண்டி காயலான் கடைக்குப் போயிற்று. அக்டோபரில் புதியது வந்து இறங்கியபோது, இரண்டாவது ஆபரேஷன் முடிந்து அவள் கை கழுத்துத் தூளியில் தொங்கிக்கொண்டிருந்தது. இல்லாவிட்டால் அவள் வண்டியில் இன்னொருத்தர் ஸ்பானர் வைக்க விடமாட்டாள். தான் ஓட்டுகிற பள்ளிப் பேருந்துக்குப் பனிச்சங்கிலி மாட்டவே யாரையும் கூப்பிடாதவள் அவள். வேறு வழியில்லாமல் கராஜில் ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, ஒற்றைக் கையில் சூடான சாக்லேட்டை வைத்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தாள்.

ரூலன் ஆசை ஆசையாகப் பூட்டினான். கைப்பிடியை உயர்த்தினான். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பை, பின்பக்கம் மண்வெட்டிக்கும் ரம்பத்துக்கும் ஒரு கொக்கி, மேலே உபரி பெட்ரோல் கேன், பேசிக்கொள்ள ரேடியோ. எட்டிப் பார்க்க வந்த பக்கத்து வீட்டு மார்வா வாயை மூடிக்கொண்டு போவாளா?

“எடை குறைஞ்ச வண்டின்னு தேடித் தேடி வாங்கிட்டு, மேல மளிகைக் கடையையே ஏத்துறியே ரூலன். ஒரு அடுப்பையும் வச்சு விடு.”

அவன் அதற்கும் ஒரு இடம் இருக்கிறது என்றான்.

பிறகு சஸ்பென்ஷன். ஓட்டுகிறவரின் எடைக்குத் தகுந்த மாதிரி ஷாக் அப்சார்பர்களை அமைக்க வேண்டும். உடுப்பு, ஹெல்மெட், முதுகுப்பை எல்லாம் சேர்த்த எடை. ஜனீல் ஒரு எடையைச் சொன்னாள். ரூலன் மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டினான். அப்புறம் அவளை முழு உடுப்போடு வண்டியில் உட்காரவைத்து, வண்டி எவ்வளவு அமுங்குகிறது என்று டேப்பால் அளந்து, அந்த அளவுக்குத்தான் வைத்தான். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவனுக்கு இந்தப் புத்திகூட இல்லாமலா போகும்? கடைசியில், அடியில் வண்டியை நகர்த்தும் ரப்பர்ப் பட்டையான டிராக்கின் முன்பக்கத்தைப் பிடித்திருக்கும், வரிசையாகத் துளையிட்ட வாரை, அவள் எப்போதும் கேட்கிற மாதிரி தளர்த்தி மாட்டினான். அந்த வார் இறுகியிருந்தால் வண்டியின் மூக்கு தரையைக் கவ்வும். தளர்ந்திருந்தால் மூக்கு தூக்கிக்கொண்டு, பனியின் மேலே மிதந்து ஏறும். எல்லாவற்றிலும் மஞ்சள் கோடு போட்டு, பேனாவுக்கு மூடி போட மறந்து, சட்டைப்பையைப் பாழாக்கிக்கொண்டு உள்ளே போனான்.

டிசம்பரில் டாக்டர் சரியென்றார். ஜனீல் மலைக்குப் போனாள். போன இடத்தில் வண்டி ஏறவில்லை.

ஏறவேயில்லை என்று சொல்ல முடியாது. புதுப்பனியில் மூக்கைப் புதைத்துக்கொண்டு ஏர் மாதிரி உழுதது. சரிவில் ஒருபக்கமாகச் சாய்க்கப் பார்த்தால் பிடிவாதமாக நிமிர்ந்துகொண்டது. மார்வா முன்னால் பூனை மாதிரி ஏறிப் போக, ஜனீல் பாதி வழியில் புதைந்து மண்வெட்டியை எடுத்தாள். ரூலன் பின்னாலேயே வந்து, மெதுவாப் போதும், என்ன அவசரம் என்று அன்பாகச் சொன்னான். அடுத்த வாரமும் அப்படித்தான். ஜனவரி முழுக்க அப்படித்தான். வண்டி புதிது, அமைத்தவன் ரூலன், கோடெல்லாம் நேராக இருக்கிறது. அப்படியென்றால் கோளாறு யாரிடம்? உருண்ட அன்றைக்கே தன் துணிச்சல் அங்கேயே பனியில் கிடந்துவிட்டது என்று ஜனீல் முடிவு கட்டினாள். வெளியே சொல்லவில்லை. பேருந்தில் பிள்ளைகள் கேட்டபோது, தோள் இன்னும் கொஞ்சம் வலிக்கிறது என்று பொய் சொன்னாள்.

மார்ச் முதல் சனிக்கிழமை அந்தப் பள்ளத்தாக்கின் பெண்கள் எல்லோரும் சேர்ந்து மலையுச்சியில் கிண்ணம் போலிருக்கும் பள்ளத்துக்கு ஏறுவார்கள். கால் படாத பனியில் முதல் தடம் போட்டுக்கொண்டு முன்னால் போவது எப்போதும் ஜனீல். பிப்ரவரி கடைசியில் மார்வாவின் அடுப்படியில் உட்கார்ந்து சொன்னாள்.

“இந்த வாட்டி நீ முன்னாடி போடி. என்னால ஆகாது.”

“ஏன், கண்ணு போச்சா, காலு போச்சா?”

“துணிச்சல் போச்சு.”

எதற்கும் ஒரு குத்தல் வைத்திருக்கும் மார்வாவுக்கு அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை நல்ல பனி. ரூலன் தன் வேலையாக, கவுண்ட்டி நிர்வாகத்தின் லாரியில் சாலைப்பனி தள்ளப் போய்விட்டான். பள்ளிக்கும் விடுமுறை விட்டுவிட்டார்கள். வண்டியில் டிராக்குக்குப் பனி வாரித் தெளிக்கும் சுரண்டுகம்பி ஒன்று ஒடிந்திருந்தது. அதையாவது மாற்றுவோம், எப்படியும் விற்கப்போகிற வண்டி, வாங்குகிறவர் ஒரு குறை சொல்லக் கூடாது என்று ஜனீல் பழைய கம்பளத்தை விரித்து, வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, விளக்கோடு அடியில் படுத்தாள்.

வாரின் முனையில், அவள் கேட்ட துளைக்குப் பக்கத்தில், பாதி மஞ்சள் கோடு தெரிந்தது. அந்தத் துளையில் போல்ட் இல்லை. போல்ட் கடைசித் துளையில், வாரை முழுக்க இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதன் தலையில் வேறொரு மஞ்சள் கோடு, சுத்தமாக, நேராக.

ஜனீல் முன் ஷாக்குகளையும் பார்த்தாள். அங்கேயும் பழைய கோடு ஒரு பக்கம், புதுக் கோடு ஒரு பக்கம். அடப்பாவி! அவள் தூங்கப் போன பிறகு ஒருநாள் வந்து எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறான். மாற்றியவன் வாயை மூடிக்கொண்டிருக்கலாம், கையை மூட முடியவில்லை. முதலில் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குப் பின்னால், இடுப்பிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, கராஜில் தனியாக ஒரு பொம்பளை சிரிக்கிற சத்தத்துக்கு நாய் எழுந்து வந்து பார்த்தது. துணிச்சல் எங்கேயும் போகவில்லை. கடைசித் துளையில் மாட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

தன் வண்டியைப் பழைய மாதிரி வைத்தாள். பிறகு ரூலனின் வண்டியைச் சாய்த்தாள். அதன் வாரைக் கடைசித் துளைக்கு இழுத்து இறுக்கினாள். அவன் பேனாவையே எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு கோடு போட்டாள். தன் போல்ட்டுக்கு மட்டும் கோடு போடக் கை வரவில்லை. பேனாவை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

அந்தச் சனிக்கிழமை, பெண்கள் ஏறுவதற்கு ஒரு வாரம் முன்னால், மூன்று பேரும் ஏறினார்கள். ஜனீலின் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு, சொன்ன பக்கமெல்லாம் சாய்ந்து, பனிமேல் மிதந்து போயிற்று. அவள் ஹெல்மெட்டுக்குள் சத்தம் போட்டுப் பாடினாள். பின்னால் ரூலன் உழுதுகொண்டிருந்தான். முதல் சரிவில் புதைந்தான். தோண்டினான். இரண்டாவது சரிவில் புதைந்தான். மார்வா சுற்றிச் சுற்றி வந்து, கவுண்ட்டி வேலையை இங்கேயுமா கொண்டு வந்தாய், சனிக்கிழமையாவது பனி தள்ளாமல் இருக்கக் கூடாதா என்று கேட்டாள். அவன் வண்டியின் பெல்ட்டைப் பார்த்தான், பெட்ரோலை முகர்ந்து பார்த்தான். கோபம் வந்தால் “அட முள்ளங்கியே” என்பதற்கு மேல் ஒரு கெட்ட வார்த்தை வராத தேவாலய சபைக்காரன். அன்றைக்கு அதைக்கூடச் சொல்லவில்லை.

மரங்களுக்கு அடியில் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவன் கையில் எல்க் மான் இறைச்சி வற்றல் கடிக்காமல் அப்படியே இருந்தது.

“ஜனீல், அடுத்த வருஷம் எனக்கு வண்டி வேண்டாம்னு தோணுது. உடம்பு சொன்ன பேச்சு கேக்கல. வயசாயிடுச்சு போல.”

இந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று ஜனீல் நாலு நாளாகக் காத்திருந்தாள். சிரிப்பு வரவில்லை. அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். குளிர்காலம் முழுக்கக் கண்ணாடியில் பார்த்த முகம்.

“உனக்கு ஒண்ணும் வயசாகல. வண்டியைச் சாய்ச்சு அடியில பாரு.”

ரூலன் பனியில் படுத்துப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

“அட முள்ளங்கியே,” என்றான் மெதுவாக. பிறகு, “கோடு கோணலா இருக்கு.”

மார்வா புரிந்துகொண்டு, தண்ணீர் எடுக்கப் போகிறவள் போலத் தள்ளிப் போனாள். தண்ணீர் பாட்டில் அவள் எதிரிலேயே இருந்தது.

அவன் எழுந்து வரவில்லை. அடியில் படுத்தபடியே பேசினான்.

“அன்னைக்கு நீ உருண்டப்போ, தோண்டித் தோண்டிப் பாக்கறேன், உன் பூட்ஸ்தான் முதல்ல தெரிஞ்சது. அது அசையல. இந்த வண்டி ஏறலேன்னா நீ உருள மாட்டேன்னு நெனச்சேன்.”

“என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா ஒத்துக்க மாட்டே.”

“மாட்டேன்தான்.” ஜனீல் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள். “பயம் உனக்குன்னா வாரை உன் வண்டியில இறுக்கு. என் வண்டியில ஏன்யா இறுக்குற? இந்தக் குளிர்காலம் பூரா நான் ஆளே செத்துப்போயிட்டேன்னு நெனச்சிட்டிருந்தேன்.”

ரூலன் மூக்கை உறிஞ்சினான். எழுந்து, தன் வாரைத் தளர்த்தினான். பிறகு ஸ்பானரோடு அவள் வண்டிப் பக்கம் போய் அதைச் சாய்த்தான். ஜனீல் அவன் கையையே பார்த்தாள். அவன் போல்ட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்தான், இறுக்கமாகத்தான் இருந்தது. ஸ்பானரைப் பனியில் போட்டுவிட்டு, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அவள் மாட்டியிருந்த துளையில், அந்தப் போல்ட்டின் தலையில், நேராக ஒரு கோடு இழுத்தான்.

தூரத்திலிருந்து மார்வா கத்தினாள். “அடுத்த வாரம் யாருடி முன்னாடி?”

“நீ பின்னாடி வா,” என்று சொல்லிவிட்டு ஜனீல் வண்டியைக் கிளப்பினாள்.

ஒரே மூச்சில் ஏறினாள். தான் உருண்ட அந்தச் சரிவின் குறுக்கே, வண்டியை ஒருபக்கமாகச் சாய்த்து, கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி நிறுத்தினாள். கீழே இருக்கிறவர்களுக்கு இனி அவள் தெரியமாட்டாள். ரேடியோ கரகரத்தது.

“ஜனீல்? மேல எப்படி இருக்கு?” ரூலனின் குரல் நடுங்கியது, குளிரால் என்று சொல்லிக்கொள்ளலாம்.

“வந்து பாரு. வர்றதுக்கு முன்னாடி அந்தப் பேனாவுக்கு மூடியைப் போடு.”

பிறகு கீழே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.