பத்து விரலிலும்

அப்பாவை எடுக்க இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. அண்ணனோ வாசலில் அப்பாவின் காருடைய பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் கோளாறு காட்டும் ஸ்கேனரோடு நின்றான்.

சவ வண்டிக்குப் பின்னால் முதல் வண்டியாக அந்தக் கார்தான் போக வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. காரோ நின்ற இடத்திலேயே உதறிக்கொண்டிருந்தது. புகையில் ஒரே பெட்ரோல் நெடி.

“ஆக்சிஜன் சென்சார் போச்சு. திரையில எரர் கோட் வந்திருக்கு பாரு” என்றான் அண்ணன்.

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. அட கடவுளே, இன்றைக்குமா! அப்பாவோடு பட்டறையில் பதினாறு வருடம் கையைக் கறுப்பாக்கிக்கொண்டவள் அவள். அண்ணன் பெரிய ஷோரூமில் டை கட்டிய சர்வீஸ் மேனேஜர். திரையில் வருவதை வாடிக்கையாளரிடம் ஒப்பிப்பது உத்தியோகம். அப்பா அவனுக்கு வைத்த பெயரே ‘செய்தி வாசிப்பவர்’.

“போன மாசம்தானே புது சென்சார் போட்டே?”

“அது மட்டமான பீஸா இருக்கும்.”

“ஆமா, உன் மூளை மட்டும் ஒரிஜினல். தள்ளு.”

குனிந்து காதைக் கொடுத்தாள். டிக் டிக்கென்று மெல்லிய சத்தம். “ஆக்ஸிலேட்டரை மிதி. இப்ப உன் திரையைப் பாரு, நம்பர் ஏறி இறங்குதா? செத்த சென்சார் இப்படிக் குதிக்குமா?”

‘செத்த’ என்ற சொல் கேட்டு, நாற்காலிகளில் இருந்தவர்களில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

புகைக்குழாய் இஞ்சினோடு சேரும் இடத்தில் டார்ச் அடித்தாள். இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. இரண்டு நட்டுகள் லூஸ்.

“இந்த ஓட்டை வழியா வெளிக்காத்து உள்ள போகுது. புகையில ஆக்சிஜன் அதிகமா இருக்குன்னு சென்சார் சொல்லுது. கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கொட்டுது. இதுல சென்சார் என்ன பாவம் பண்ணிச்சு? அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது. கேக்கிறவனுக்குத்தான் புத்தி வேணும்.”

அண்ணன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டான். பேசத் திரை இல்லாவிட்டால் வாயும் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அவள் ஸ்பானரைப் பொருத்தினாள்.

முந்தாநாளும் இதே கூத்துதான். அப்பாவுக்கு நான்கு நாளாக இருமல். பக்கத்து வீட்டு நர்ஸ், விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கிற கிளிப் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். தொண்ணூறுக்குக் கீழே போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றும் சொல்லியிருந்தாள். மாட்டினால் எண்பத்திரண்டு.

“கிளம்புங்க, கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்” என்று அண்ணன் பதறிய பதற்றம் இருக்கிறதே! கார் சாவியை எடுத்தவன் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டான்.

“நம்பரைப் பாத்ததும் ஓடாதே. அப்பா விரலைப் பாரு. அம்பது வருஷ கிரீஸ். நகமெல்லாம் தார். வெளிச்சம் உள்ள போனாத்தானே அளக்கும்?” என்று அவள்தான் நிறுத்தினாள். அதோடு விட்டாளா? அப்பாவின் பத்து விரலிலும் ஒவ்வொன்றாக மாட்டிக் காட்டினாள். பத்திலும் எண்பதை ஒட்டியே வந்தது. “பாத்தியா? பத்தும் கறுப்பு. மிஷின் வேஸ்ட்டு.”

அப்பா இருமிக்கொண்டே சிரித்தார். “அவ சொல்றதுதான் சரி. செய்தி வாசிப்பவர் போய் வேலையைப் பாருங்க.” அண்ணன் சாவியை ஆணியில் திரும்ப மாட்டினான்.

நேற்றுக் காலை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே அப்பா போய்விட்டார். மாரடைப்பு என்றுதான் வருகிறவர்களிடமெல்லாம் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். எழுபது வயதுக்கு மேல் வருவதுதானே.

இரண்டாவது நட்டும் இறுகியது. டிக் டிக் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் உதறலும் அடங்கி, இஞ்சின் சீராக ஓட ஆரம்பித்தது. அவள் அண்ணனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். “செய்தி முடிஞ்சுதா?”

அப்போது அம்மா உள்ளேயிருந்து வந்தாள். அழுது வீங்கிய முகம். கையில் அந்தக் கிளிப்.

“தலையணைக்கு அடியில கிடந்துச்சு. நர்ஸ் பொண்ணு உள்ளதான் இருக்கு, குடுத்துடு. கெட்டுப்போச்சுன்னு சொல்லிக் குடும்மா. வேற யாருக்காவது தப்பாக் காட்டிடப் போகுது, பாவம்.”

அவள் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். கையைத் துடைக்கவில்லை. நகக்கண்களில் கரியும் கிரீஸும் அப்பியிருந்தன. அப்பாவின் விரல்களுக்கும் அவளுடையவற்றுக்கும் நிறத்தில் வித்தியாசமே கிடையாது. ஆள்காட்டி விரலில் மாட்டினாள். சிவப்பு எண்கள் இரண்டு தரம் துடித்துவிட்டு நின்றன.

தொண்ணூற்றெட்டு.

“என்னம்மா, வேலை செய்யுதா?” என்றாள் அம்மா.

அவள் கழற்றி, நடுவிரலில் மாட்டினாள். தொண்ணூற்றெட்டு.

அண்ணன் அவள் பக்கம் பார்க்காமல் பானெட்டைச் சத்தம் வராமல் இறக்கி மூடினான். அவள் அடுத்த விரலில் மாட்டினாள்.