காணாமல் போன அறுநூறு சுற்று

மூன்றாவது தடவையாக அந்த எஞ்சினை விமானத்திலிருந்து இறக்கிய அன்று மார்லிஸ் ஸ்கால்பெர்க் யாரோடும் பேசவில்லை. அவள் சங்கிலியை இழுக்க, புருஷன் ஓரின் எஞ்சின் ஆடாமல் பிடித்துக்கொண்டான். நான் பக்கத்துக் கொட்டகைக்காரன். முப்பது வருஷம் வயலுக்கு மருந்தடிக்கும் விமானம் ஓட்டியவன். கூப்பிட்டால்தான் போவேன். அன்று கூப்பிடவில்லை.

கிழக்கு வயோமிங்கில் எங்கள் ஓடுபாதை ஐயாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. ஜூலை வெயிலில் காற்று இளைத்துப்போகும். இரண்டு பேரைச் சுமந்து எழும்ப எஞ்சினுக்குத் தெம்பு வேண்டும். இவர்கள் ஒன்பது வருஷம் கட்டிய விமானத்தில் இருந்தது பழைய கார் ஒன்றின் ரோட்டரி எஞ்சின். பிஸ்டன் கிடையாது, முக்கோணமாக இரண்டு வார்ப்பிரும்புத் துண்டுகள் உள்ளே சுழலும். வேகமாகச் சுழன்றால்தான் அதற்குச் சக்தி. தரையில் கட்டிவைத்து முடுக்கினால் உண்மை தெரியாது, மேலே போய்ப் பார்க்க வேண்டும். நிமிஷத்துக்கு ஆறாயிரம் சுற்று வரும் என்பது மார்லிஸின் கணக்கு. ஓரின் பறந்துவிட்டு வந்து அட்டையில் எழுதிக் காட்டியது ஐயாயிரத்து இருநூறு.

மார்லிஸ் பள்ளிக்கூட பஸ் டிப்போவில் மெக்கானிக். நாள் முழுக்க பஸ்ஸுக்கு அடியில் கிடந்துவிட்டு வந்து இதற்கு அடியில் படுப்பாள். காற்று நுழையும் துளைகளை அகலமாகக் கடைந்தாள். காற்றுக் குழாய்களை வெட்டி நீளத்தை மாற்றினாள். கடைசியில் எஞ்சினுக்கும் புரொப்பெல்லருக்கும் நடுவில் இருக்கும் கியரையே மாற்றினாள். இரண்டு கோடை போனது. ஓரின் இறங்கி வந்து, "ஐயாயிரத்து நானூறு" என்றான்.

அதற்கப்புறம்தான் அவள் தீப்பெட்டி அளவில் ஒரு பதிவுப் பெட்டியை எஞ்சினில் பொருத்தினாள். சுற்று, சூடு, ஓட்டுகிறவன் கைப்பிடியைத் தள்ளினால் எஞ்சினுக்குக் காற்றைத் திறந்துவிடும் த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, எல்லாவற்றையும் நொடிக்கு நொடி அது எழுதி வைக்கும். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை ஓரின் பறந்து வந்ததும் அதை லேப்டாப்பில் மாட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டாள்.

"டுவேன், நான் தப்பாப் படிக்கிறேனான்னு பாரு."

திரையில் த்ராட்டில் கோடு எழுபது சதவீதத்தைத் தாண்டவே இல்லை.

"கேபிள் எங்கயாச்சும் மாட்டுதோ?" என்றேன்.

"காலையிலதான் பார்த்தேன். முழுசாத் திறக்குது."

ஓரின் மூன்று கப் காப்பியோடு வந்தான். அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

"நீ முழுசாத் தள்ளுறியா?"

அவன் கப்புகளை ஒவ்வொன்றாக பெஞ்சில் வைத்தான். "இல்ல."

"எப்பலேர்ந்து?"

"ஹோஸ் வெடிச்சதுலேர்ந்து."

அது இரண்டு வருஷத்துக்கு முந்தியது. முதல் தடவை மேலே ஏறும்போதே எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாய் வெடித்து, கண்ணாடிக் கூண்டுக்குள் முழுக்க ஆவி. பக்கத்து ஜன்னலில் முகத்தை வைத்துத் தரையைப் பார்த்துப் பார்த்து இறக்கினான். 'அவிச்ச முட்டை மாதிரி வந்து சேர்ந்தேன்' என்று எல்லோரிடமும் சிரித்துச் சொன்னான். நாங்களும் சிரித்தோம்.

"கை போக மாட்டேங்குது, மார்லிஸ். ஒரு இடம் வரைக்கும் போகுது. அப்புறம் அதுவா நின்னுடுது."

"மூணு தடவை இறக்கினோம். நீதானே பிடிச்சிட்டு நின்ன."

"ஆமா."

"அப்பவாச்சும் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"ஒவ்வொரு தடவையும் சொல்லலாம்னுதான் வருவேன். அதுக்குள்ள நீ பாதி நட்டைக் கழட்டியிருப்ப."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். கவிழ்த்துப் போட்ட ஒரு வாளிமேல் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு அசதியா இருக்கு, ஓரின்" என்றாள். அவ்வளவுதான். அவன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தான். காப்பியை யாரும் தொடவில்லை.

மறுநாள் காலை என்னை ஓட்டச் சொன்னாள். முழுக்கத் தள்ளினேன். ஆறாயிரத்து நூறு சுற்று. கோடை வெயிலிலும் நிமிஷத்துக்கு ஆயிரத்து முந்நூறு அடி ஏறியது. வருஷக்கணக்காக அப்படி ஒரு எஞ்சின் என் கைக்கு வரவில்லை. இறங்கி வந்து சொன்னபோது அவள் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப தெம்பு மொதல்லேர்ந்தே இருந்திருக்கு" என்றாள்.

"எல்லாம் இல்ல. கியர் மாத்தினது நல்ல வேலை."

"ஆறுதல் சொல்லாத, டுவேன்."

ஓரின் வேலியோரம் நின்று பார்த்தவன் என்னிடம் வந்தான். "நல்லா ஏறுச்சு" என்றான். "எனக்குப் பயமாத்தான் இருந்தது, நான் ஓட்டாதபோதும்."

கியர் மாற்றியதற்காகச் சட்டப்படி தனியாகப் பறக்க வேண்டிய மீதி மணி நேரங்களை நானே முடித்துக் கொடுத்தேன். அப்புறம் நாலு ஞாயிற்றுக்கிழமை ஓரின் ஓட்ட, நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தள்ளு என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. எண்பது, எண்பத்தைந்து வரை வந்தான். அதற்கு மேல் இன்றுவரை வரவில்லை. குளிர்நாளில் இரண்டு பேருக்கு அது போதும்.

அக்டோபரில் தெற்கு டகோட்டாவில் இருக்கும் மார்லிஸின் தங்கை வீட்டுக்கு இருவரும் பறந்து போனார்கள். சாயங்காலம் போன் பண்ணிக் கேட்டேன்.

"எப்படி இருந்தது?"

"தெரியல, டுவேன்" என்றாள் மார்லிஸ். "ஓடுபாதையை விட்டு மேல ஏறினதும் தூங்கிட்டேன்."