இரண்டாவது ஒட்டு

பல் டாக்டர் உருப்பெருக்கிக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு, அலமாரியின் மேல்தட்டிலிருந்து முதல் அட்டையை எடுத்தார். முன்னறையில் அவருடைய நண்பரின் உடலைக் கிடத்தியிருந்தார்கள்.

நண்பரின் மனைவி கதவருகே நின்றாள். காலையிலிருந்து அவள் அழவில்லை, சாப்பிடவும் இல்லை. வந்தவர்கள் அதைக் கவனித்திருந்தார்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இந்தக் கார்களை இன்னிக்கே எடுத்துட்டுப் போகணும்னு அவர்தான் சொன்னார். ஒரு நாள் விட்டாலும் பேரப்பசங்க பிரிச்சுடுவாங்களாம்."

"எங்கிட்டயும் சொன்னார்."

பெட்டியில் வைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்ப்பது டாக்டரின் பழக்கம். அவரிடமும் இப்படி ஓர் அலமாரி உண்டு.

லிப்ட் மெக்கானிக்காக இருந்த நண்பர் சேர்த்த கார்கள் இருநூற்றுப் பதினாறு. விரல் நீளம், உலோகத்தில் வார்த்தது, ஒவ்வொன்றும் அட்டையில் ஒட்டிய பிளாஸ்டிக் மூடிக்குள். பிரித்தால் பொம்மை, பிரிக்காதவரைதான் சேகரிப்பு என்பார். "பிரிக்காத காரும் பேசாத புருஷனும், இதுதான் எனக்கு வாய்ச்சது" என்று அவள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அவரும் கூடச் சிரிப்பார்.

ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு மதியம், அவர் வேலைக்குப் போயிருந்தபோது, சிவப்புத் தபால் வேனின் பின்கதவு திறக்குமா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. கொதிக்கும் தண்ணீரின் ஆவியில் அட்டையைக் காட்டினாள். ஒட்டு விட்டது. கதவு திறந்தது. சாப்பாட்டு மேசையில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு வேனை ஓட்டினாள். பதினைந்து முறை இருக்கும். பிறகு பசை தடவி ஒட்டினாள். அவசரத்தில் கோணலாகிவிட்டது.

அத்தனை கேலி பேசிய வாய்க்கு அதைச் சொல்ல வரவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் இரண்டு முறை ஆரம்பித்தாள். ஒருமுறை நர்ஸ் வந்துவிட்டாள். மறுமுறை அவர் தூங்கிவிட்டார்.

இப்போது டாக்டர் கண்டுபிடிப்பார். அவர் கேட்பதற்கு இவளிடம் பதில் இருக்கும். இவள் சொல்ல வேண்டிய ஆள்தான் இல்லை.

டாக்டர் நான்காவது அட்டையைத் திருப்பினார். ஐந்தாவதை. மறுபடி முதலாவதை.

நாற்காலி எடுக்க வந்த மகள் நின்று பார்த்தாள். "என்ன அங்கிள், சொத்தையா?"

"எல்லாம் பிரிச்சு ஒட்டினது."

"ஒண்ணுதான்," என்று கதவருகே நின்றவள் சொல்லிவிட்டாள்.

"ஒண்ணு இல்லம்மா. இதுவரைக்கும் பார்த்தது அத்தனையும். சக்கரத்தைப் பாருங்க, தேஞ்சிருக்கு. ஓட்டியிருக்கார். ஆசை தீர ஓட்டியிருக்கார்." டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "பிரிக்கவே மாட்டேன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணின மனுஷன்."

மகள் நாற்காலியோடு போய்விட்டாள். டாக்டர் அடுத்த தட்டுக்கு வந்தார். தபால் வேனை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"இது வேற மாதிரி. ரெண்டு தடவை ஒட்டியிருக்கு. முதல் ஒட்டு கோணல், ஓரத்துல கறை நிக்குது பாருங்க. அப்புறம் அதைப் பிரிச்சு நேரா ஒட்டியிருக்கு. ரெண்டாவது அவர் கைதான்."

அவள் கிட்டே வந்து அந்தக் கறையைப் பார்த்தாள்.

"முதல் கை யாரோடது?"

"என்னோடது."

டாக்டர் தலையாட்டினார். அட்டையைக் கீழே வைக்கவில்லை.

"பின்கதவு திறக்குதா?"

"திறக்கும்."

"எங்கிட்டயும் இது ஒண்ணு இருக்கு. பதினோரு வருஷமா யோசிச்சிட்டிருக்கேன்."

அவள் சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சுவரைப் பிடித்தாள். கண்ணில் நீர் வந்தது. நிறுத்த முடியவில்லை.

முன்னறையிலிருந்து நாத்தனார் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "அழுங்க அண்ணி. அடக்கி வெச்சா உடம்புக்கு ஆகாது." பின்னால் வந்த மகளிடம், "விடு, இப்பதான் வருது," என்றாள்.

டாக்டர் அலமாரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

கொஞ்ச நேரம் பிடித்தது. நாத்தனார் முதுகைத் தடவித் தடவி ஓய்ந்த பிறகு, அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சாப்பிட ஏதாவது இருக்கா?" என்று மகளிடம் கேட்டாள்.

மகள் இரண்டு ரொட்டித் துண்டுகள் கொண்டுவந்தாள். அவள் நின்றபடியே தின்றாள். காய்ந்த ஓரத்தையும் விடவில்லை.