திங்களுக்குத் தலைவலித் தண்ணீர்

ஜீடிமெட்லாவில் கனகம் வீட்டு போர்வெல்லில் திங்கட்கிழமை தலைவலி மருந்து வரும். செவ்வாய் வயிற்றுக்கு, புதன் காய்ச்சலுக்கு, வியாழன் பிரஷருக்கு. ஏரிக்கரை மருந்துக் கம்பெனி ராத்திரியில் எதைக் காய்ச்சுகிறதோ, அதன் கழிவு ஏரியில் விழுந்து, நிலத்தடியில் இறங்கி, விடிவதற்குள் குழாய்க்கு வந்துவிடும். மீன்கள் முதல் வருடமே செத்து ஒழிந்தன. கொசுவும் போயிற்று, அதில் தெருவுக்குச் சந்தோஷம்தான். கெட்டிக்காரியான கனகம் தினசரி காலண்டரில் ராகுகாலத்துக்குப் பக்கத்தில் அன்றைய மருந்தைப் பென்சிலால் குறித்து வைத்தாள். தெருவே அவளிடம் கேட்டுவிட்டுத்தான் குடம் எடுத்தது. ஜனங்கள் கிழமை பார்த்துத்தான் காய்ச்சலில் படுத்தார்கள். ஆறு வருடம் ஈ ஓட்டிய டாக்டர் ஜெயராம் பேகம்பேட்டுக்கே போய்விட்டார். சோதிக்க வந்த அதிகாரி ஒரு டம்ளர் குடித்தார், முட்டிவலி பறந்தது, எல்லாம் அளவோடு இருக்கிறது என்று எழுதிவிட்டு இரண்டு கேன் பிடித்துக்கொண்டு போனார். அளவாம், பெரிய அளவு!

பிறகு கனகத்தின் கணவர், ரயில்வேயில் ரிட்டையரான உலகநாதன், வாசல் கேட் கம்பியில் காலைக் கீறிக்கொண்டார். நகக்கீறல் அளவுதான். நாலாம் நாள் காய்ச்சல் அனலாய் அடித்தது. புதன்கிழமைத் தண்ணீருக்கு அது கேட்கவில்லை, பேகம்பேட்டிலிருந்து ஜெயராம் வந்து போட்ட ஊசிகளுக்கும் கேட்கவில்லை. முப்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்த மனுஷன் கனகத்தின் கண்ணெதிரே கரைந்துகொண்டே போனார்.

“கிருமியும் ஆறு வருஷமா இதே தண்ணியத்தாம்மா குடிச்சிருக்கு,” என்றார் டாக்டர். “ஒண்ணும் கலக்காத வெறும் தண்ணி கொடுத்துப் பாருங்க. அது ஒண்ணுதான் அதுக்குப் பழக்கமில்ல.”

வெறும் தண்ணீருக்கு எங்கே போவது? கேன், டேங்கர், மழை என்று எதை நாக்கில் வைத்தாலும் கனகம் கிழமை சொல்லிவிட்டாள். மிச்சம் ஒன்றுதான் இருந்தது. மாமியார் அறுபத்திரண்டாம் வருஷம் காசியிலிருந்து கொண்டுவந்த, ஈயம் வைத்து மூடிய கங்கைச் சொம்பு. உயிர் போகும்போது வாயில் விடுவதற்காகச் சாமி அலமாரியில் காத்துக் கிடந்தது. அவள் அதன் மூடியை உடைப்பதைப் பார்த்து மகன் ஷ்யாம் கையைப் பிடித்துக்கொண்டான்.

“நக்கோ அம்மா, வேணாம். அப்பா இன்னும் இருக்காரு.”

அவனை விலக்கிவிட்டு ஸ்பூன் ஸ்பூனாய் மொத்தத்தையும் ஊட்டினாள். சொம்பின் மூடி உடைந்த சேதி கேட்டு மல்காஜ்கிரிச் சொந்தங்கள் மாலையோடு வந்து இறங்குவதற்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது. மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் கேட்டில் தொங்கவிட்டு, இட்லி சாப்பிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை உலகநாதன் எழுந்து உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். கனகம் சொம்பைக் கவிழ்த்துப் பார்த்தாள், ஒரு சொட்டு இல்லை. காலண்டரில் தாளைக் கிழித்தாள், வியாழன். “பிரஷர் தண்ணி. அரை டம்ளர் போதும்,” என்று குழாயில் பிடித்துக் கொடுத்தாள். அவர் வாங்கிக் குடித்தார். காலிச் சொம்பைப் பழையபடி ஈயம் வைத்து அடைத்து எடுத்து வரும்படி ஷ்யாமிடம் சொன்னாள். சாமி அலமாரியில் அந்த இடம் வெறுமையாக இருக்கக்கூடாது.